நடுவில் அறுபடும் சொல்

மட்டாஞ்சேரிப் படகில் எனக்கு எதிரே இருந்தவர் கைப்பேசியை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தார். அரைப் பாட்டு வந்தது, அறுந்தது. கால்வாசிச் சிரிப்பு, அறுந்தது. ஒரு பெண் சமையல் சொல்லத் தொடங்கினாள். அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் அவளும் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு, காதைக் கொடுத்து நின்றேன். எனக்குப் படகில் உட்காரத் தெரியாது. காக்கநாட்டு அலுவலகத்தில் பகல் முழுவதும் கணினித் திரைக்கு முன்னால் கட்டிப்போட்ட உடம்பு, தண்ணீரைக் கண்டதும் கயிற்றை இழுக்கிறது.

சொல் நடுவில் அறுபடும் அந்தச் சத்தம், என் அக்கா மகள் பேசும் சத்தம்.

அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்தே அவள் உடம்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. நாக்கு சொற்களுக்கு வளையாது. கைகளில் ஒன்று மட்டும், அதிலும் மடக்கிய விரலின் முட்டி மட்டும், அவள் நினைத்த இடத்தில் போய் நிற்கும். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் யார் பொய் சொல்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். வாசிப்பது மலையாளம், கேட்பது தமிழ். எங்கள் தெருவில் அவள் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் எர்ணாகுளத்தில் ஒரு சிறிய கம்பெனியில் வலைப்பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இருந்தவர்களை அப்போது ஓர் ஆசை பிடித்து ஆட்டியது. ஒரு நிரலை ஒரு தடவை எழுதினால் போதும். அது இணையப் பக்கத்தோடு கூடவே பயணம் செய்து போய், போய்ச் சேர்ந்த கணினி எந்த ஜாதியாக இருந்தாலும் அங்கே ஓட வேண்டும். இதற்கென்று ஒரு பெரிய வழி இருந்தது. ஊரே அதில் போனது. ஆனால் அது ஆடி அசைந்து வரும்; தொலைபேசிக் கம்பி வழியாக இறங்குவதற்குள் மேசைமேல் வைத்த சாயா ஆறிவிடும். வேறு வழிகளும் இருந்தன, இன்று யாருக்கும் நினைவில்லை. ஒன்று, விதைக்குள் மரம்போல நிரலை மடித்து அனுப்பி, சேர்ந்த இடத்தில் அந்த இடத்துக்கு ஏற்ற இயந்திர மொழியாக விரித்துக்கொள்ளும். ஒன்று, சுருட்டிய பாய்போல ஒரு முழுக் கணினியையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும். ஒன்று, வெறும் எழுத்தாக வாசலில் வந்து நின்று, வரிவரியாகத் தன்னைத்தானே வாசிக்கும்.

எனக்கு வரிசையில் நிற்க முடியாது. ஆளே போகாத ஒரு சின்ன வழியைப் பிடித்தேன். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு குட்டிக் கணினியை மனதில் கட்டி, அதற்காக நிரல் எழுத வேண்டும். அந்த மனக்கணினியை நிசக் கணினிக்குள், இணைய உலாவியில் செருகிக்கொள்ளும் ஒரு பிளக்-இன் நடத்திக் காட்டும். கோப்புகள் அவ்வளவு சிறியவை, ஒரு பெருமூச்சில் இறங்கிவிடும். அதன் சட்டமும் எனக்குப் பிடித்தது. வந்த வீட்டில் அது கூடத்தோடு நிற்க வேண்டும். அலமாரியைத் திறக்கக் கூடாது, அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பேச வேண்டுமென்றால், எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டோடு மட்டும் பேசலாம். நகரசபை வேலைக்கென்று எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து, இன்னும் பாண்டிக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு தெருவில் வளர்ந்தவனுக்கு, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அந்த வழியில் எழுதியதுதான் அவளுடைய பேச்சு. திரை நிறையப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு படம், கீழே மலையாளத்தில் ஒரு சொல். முட்டியால் உருட்டுகிற பெரிய உருளை ஒன்றை மேசையில் பொருத்தினேன். திரையில் அம்பைப் பெட்டிமேல் உருட்டி நிறுத்தித் தட்டினால் குரல் வரும். குரல் அக்காவுடையது. அப்போது அக்காவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அடுக்களையில் நின்றுகொண்டு, முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணி. சாயா. ஃபேன் போடு. வலிக்குது. அம்மா வா. வேண்டா. போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் மலையாளம்தான், மதி. கடைசி வரிசையில் சில பெட்டிகளை, பின்னால் ஆகட்டும் என்று காலியாக விட்டோம்.

அதன்பிறகு அந்த வீட்டில் அம்மாவும் மகளும் ஒரே குரலில் சண்டை போட்டார்கள். அக்காவின் குரல் வருடத்துக்கு வருடம் தடித்தது. மகளுடைய குரலுக்கு வயதே ஆகவில்லை. வெளியே நின்று கேட்கிறவர்களுக்கு, ஒரு பெண் தன் இளவயதோடு மல்லுக்கட்டுவது போலிருக்கும். கோபம் வரும்போது அக்கா, "என் தொண்டைய வச்சே என்னைத் திட்டுறாளே" என்பாள்.

என்னுடைய சின்ன வழி சீக்கிரமே அடைந்துபோனது. அதைச் செய்தவர்கள் கடையைக் கட்டினார்கள். பெரிய வழியும் பின்னால் அடைந்தது. உலாவிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பாதுகாப்பு இல்லை, இனி யாரும் வெளியிலிருந்து பிளக்-இன் கொண்டு வரவேண்டாம் என்று. அவளுடைய கணினியை நான் இணையத்திலிருந்து பிரித்தேன். பழைய உலாவி, பழைய பிளக்-இன், எதையும் புதுப்பிக்காமல் அப்படியே நிறுத்தினேன். கூடத்தின் மூலையில், சுக்கு கோடவுனைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, அது வருடக்கணக்காக நின்றது. அவள் பேசுவது அந்த மூலையில் மட்டும். கோயில் திருவிழாவிலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாண வீட்டிலும் அவள் ஊமை.

போன வருடம் மழை தொடங்கும்போது கோயம்புத்தூரிலிருந்து சேதி வந்தது. அவளைப் போன்ற பெண்கள் சேர்ந்து தங்கி வேலை செய்யும் ஓர் இல்லம். படமெடுத்த பழைய பத்திரிகைகளைத் திரையில் வாசித்துப் பிரித்து அடுக்கும் வேலை. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்தி வேண்டும். விண்ணப்பிக்கும்படி என்னைப் பிடித்து நெருக்கியவள் அவள்தான். ஓணம் கழிந்து வரலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை. துணைக்கு வீட்டு ஆள் தங்கக் கூடாது. தனக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது என்பதை அவளே சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் இடம் இல்லை.

அந்த வாரமே அந்தப் பழைய கணினியின் வட்டு, ஆயுள் முடியப்போகிறது என்று டிக், டிக்கெனச் சொடக்குப் போடத் தொடங்கியது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காக்கநாட்டில் அலுவலகத் திரைக்குப் பின்னால் இன்னொரு திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் பேச்சை வேறு கருவிக்கு மாற்ற வழி தேடினேன். பஸ்ஸில் தேடினேன். பஜார் தெருவில் மிளகு மூட்டைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே நடந்துகொண்டே தேடினேன். இரண்டு தடவை மூட்டை தூக்கும் சுமட்டுக்காரச் சேட்டன்களிடம் திட்டு வாங்கினேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் ஒரு டேப்லட்டும் அதில் ஒரு தயார்ச் செயலியும் கொடுத்துப் பார்த்தார்கள். அழகான செயலி. "எனக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது" என்றது. அக்கா வாயில் புடவையை வைத்துச் சிரித்தாள், செய்தி வாசிக்கிறவள் வீட்டுக்கு வந்து தாகம் என்கிறாளே என்று. மகள் சிரிக்கவில்லை. டேப்லட்டைப் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

முதலில் அந்தப் பழைய கணினியை முழுசாக, அதன் இயக்க முறைமையோடும் உலாவியோடும், ஒரு வலைப்பக்கத்துக்குள் பாவனையாக ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. டேப்லட் தோசைக்கல்லாகச் சுட்டது. சாயா என்று கேட்டால், குரல் வருவதற்குள் சாயாவே வந்துவிடும்.

பிறகு பழையதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இன்றைய உலாவிகளுக்குத் தெரிந்த மொழியில் புதிதாக எழுதினேன். வட்டு மூச்சை விடுவதற்குள் அக்காவின் குரல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதே படங்கள், அதே பெட்டிகள், அதே இடம். கையடக்கமாக, இணையம் இல்லாமலும் ஓடும். பழையதில் எப்போதும் என்னை உறுத்திய ஒரு குறை இருந்தது: ஒரு சொல் ஒலிக்கும்போதே அடுத்த பெட்டியைத் தொட்டால் முதல் சொல் பாதியில் வெட்டுப்படும். அவள் கை நடுங்கித் தவறிப் பட்டுவிடுகிறது என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். புதியதில் அதைச் சரிசெய்தேன். ஒரு சொல் முடிந்த பிறகே அடுத்தது வரும். எத்தனை தொட்டாலும் எல்லாம் வரிசையில் நின்று, மரியாதையாக, முழுசாக வரும். வரிசை பிடிக்காதவன் நான். அவளுக்கு ஒரு வரிசை செய்து கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் மடியில் வைத்தேன். தொட்டாள். கேட்டாள். இரண்டு நாள் பயன்படுத்தினாள். மூன்றாம் நாள் டேப்லட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, டிக்டிக்கென்று செத்துக்கொண்டிருந்த பழையதற்கே போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன். வேண்டா, என்றது பழைய மூலை. அத்தான் நகரசபை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அலட்டாதவர். அவரும் அன்றைக்கு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். இதை எடுக்காவிட்டால் கோயம்புத்தூர் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை நான் பார்த்தேன், மகளும் பார்த்தாள். அதுதான் அவளைக் கிளப்பியது என்று நினைக்கிறேன்.

முட்டியால் மேசையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். டேப்லட்டைப் பழைய திரைக்குப் பக்கத்தில் வைக்கச் சைகை காட்டினாள். என் கண்ணையே பார்த்துக்கொண்டு பழையதில் உருளையை அடித்தாள்.

"ம... ம... ம... மதி."

ஒவ்வொன்றும் கத்திமுனை. கடைசி மட்டும் முழுசு. இத்தனை வருடம் கேட்ட சத்தம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது நடுக்கம் இல்லை என்று கேட்டது. பிறகு டேப்லட்டில் அதே தாளத்தில், அதே வேகத்தில் தொட்டாள். கையை எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதி. மதி. மதி. மதி."

அவள் கையை எடுத்த பிறகும் அது சொல்லிக்கொண்டிருந்தது. சாதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக.

அக்கா வெடித்துச் சிரித்தாள். "எந்தாடா இது, பள்ளிக்கூடத்துல ஹாஜர் சொல்றமாதிரி இருக்கு. என் மோளுக்கு இதுல கோபமே வராதே."

கோபம் மட்டுமா? அவள் அடுத்தடுத்துக் காட்டினாள். பாதிச் சாயா என்றால், முன்பே கேட்டுவிட்டேன், இன்னும் காணோம். அம்மா வா என்பதை முதல் எழுத்தில் வெட்டினால், வர வேண்டாம், அங்கே இருந்தே கேள். வலிக்குது என்பதை மெல்ல வால் மட்டும் வெட்டினால், பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் காட்டினாள், அதை நான் கவனித்ததே இல்லை: கடைசி வரிசையின் காலிப் பெட்டிகள். அவற்றுக்குக் குரல் இல்லை. ஆனால் பழைய நிரலில், எதைத் தொட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் குரல் நின்றுவிடும். காலியைத் தொட்டால் மௌனம். சொல்லின் நடுவே எங்கே வேண்டுமோ அங்கே ஒரு மௌனத்தை வைக்க அவள் பழகியிருந்தாள். நான் தந்த சொற்கள் கொஞ்சம். மிச்சத்தை அவள் வெட்டி வெட்டிச் செய்துகொண்டாள்.

புதியதில் சொற்களை நிற்க வைத்த அந்த வரிசையை எடுத்துவிட்டால் போதுமா என்று பார்த்தேன். போதவில்லை. வெட்டு விழும் வேகம் வேறு, வெட்டியதும் வரும் அந்தச் சின்ன 'டப்' வேறு; அவள் முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டினாள். அப்போதுதான் மூன்றாவது வழிக்குப் போனேன். அவளுடைய நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. அது எந்த மனக்கணினியில் ஓடியதோ அதன் மூல நிரலை, கடையைக் கட்டியவர்கள் போகும்போது பொதுவில் விட்டுப்போயிருந்தார்கள். அந்த மனக்கணினியையே, இன்றைக்கு எல்லா உலாவிகளும் பிளக்-இன் இல்லாமல் தாங்களே ஓட்டும் வெப் அசெம்பிளி என்ற வடிவத்துக்கு மாற்றுவது. அன்றைக்கு நாங்கள் கண்ட கனவுதான் அதுவும். வேறு பெயரில், வேறு ஆட்கள் கையில், சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. புதிய கணினிக்குள் உலாவி, உலாவிக்குள் அது, அதற்குள் இல்லாத ஒரு கணினி, அதற்குள் அவள்.

மாற்றி முடித்தபோது படங்கள் எல்லாம் வந்தன. குரல் வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் திணறினேன். பிறகு நினைவு வந்தது அந்தப் பழைய சட்டம். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டோடு மட்டுமே பேசும். குரல்களை அது என் பழைய கம்பெனியின் இணைய முகவரியில் தேடிக்கொண்டிருந்தது. அந்த முகவரி எப்போதோ கைமாறி, யாரோ அதில் கட்டில் மெத்தை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய பழைய கணினியில் இதற்கு ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன், எனக்கே மறந்துபோய்விட்டது. அதே பொய்யை டேப்லட்டிலும் சொன்னேன். நீ புறப்பட்டு வந்த வீடு இதுதான். இங்கேயே கேள், கிடைக்கும். நம்பியது.

வைப்பினுக்குப் போகும் ஜங்கார்ப் படகில் ஏறி, இறங்காமல் அதிலேயே திரும்பி வந்தேன். காரணம் ஒன்றுமில்லை. கால் நிற்கவில்லை.

டேப்லட்டை மடியில் வைத்ததும் அவள் முட்டியைத் திரையில் வைத்தாள். "ம..." அவ்வளவுதான். பிறகு "சா... சா... சா..." என்று அக்காவை அடுக்களைக்குத் துரத்தினாள். சிரிப்பு அவளுக்கு உடம்பு முழுவதும் வரும், நாற்காலி ஆடியது. அன்றைக்கே டேப்லட்டோடு அவளைத் தெருவுக்குக் கொண்டுபோனோம். முதல் தடவையாக வீட்டுக்கு வெளியே பேசினாள். வண்டியில் மீன் விற்கிறவரிடம் "வேண்டா" என்றாள். அவர் திடுக்கிட்டு, அக்கா எங்கேயோ ஒளிந்து நின்று சொல்கிறாள் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

கிளம்பும் நாள் நெருங்கியபோது அத்தான்தான் கவனித்தார். இந்தப் பெட்டிகளில் எங்கேயும் விடைபெறும் சொல் இல்லை. எங்கேயும் போகாத பிள்ளைக்கு அதை யார் நினைத்தார்கள்? காலிப் பெட்டிகளில் ஒன்றில் அதை வைக்கலாம் என்றேன். மற்றக் காலிகளைத் தொடக் கூடாது என்று அவள் கையால் மறைத்துக் காட்டினாள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தாள். அக்கா டேப்லட்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லு, மோளே."

அக்கா, நீ சொல்லிக் கொடுக்கக் கூடாது, அவள் இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்றேன். செரி செரி என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். முப்பது வருடமாக அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு என்று வந்த வாய். அது வேறு மாதிரி திரும்ப மறுத்தது. எத்தனை தடவை எடுத்தாலும் முடிவில் அந்த 'சொல்லு' வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் குரல் கம்மியது. நான் வெட்டிச் சரிசெய்கிறேன் என்று டேப்லட்டை வாங்கக் கை நீட்டினேன். மகள் முழங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். தர மாட்டேன் என்றால் தர மாட்டாள். அப்படியே விட்டோம். அக்காவுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. பிள்ளை போகிற இடத்தில், போயிட்டு வரேன்னு சொல்லு என்று யாரிடமாவது சொல்லி வைத்தால் என்ன நினைப்பார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

எர்ணாகுளம் ஸ்டேஷனில் காலை ரயில். அத்தான் கூடப் போய் விட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு. அக்கா போகவில்லை, போனால் நான் திரும்பமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். நாற்காலியைத் தூக்கி ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, டேப்லட்டை மடியில் பட்டையால் கட்டினோம். நான் பிளாட்ஃபாரத்தில் மேலும் கீழுமாக நடந்தேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். மருந்து எந்தப் பையில், பல்லுக்கு எந்தப் பிரஷ், ஃபேனுக்கு நேரே படுக்காதே, யாராவது சத்தம் போட்டால் உடனே மாமாவைக் கூப்பிடச் சொல், கஞ்சி சூடு பார்த்து...

"ம... ம... மதி."

அக்கா வாயை மூடினாள். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திட்டுறா பாரு, இப்பவும் திட்டுறா" என்றாள் என்னிடம். குரலில் பெருமையா வருத்தமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது.

மகள் குனிந்தாள். முட்டி கடைசி வரிசைக்குப் போனது. அக்கா முகம் சுருங்குவதைப் பார்த்தேன். தன் தப்பு இப்போது எல்லோர் முன்னாலும் ஒலிக்கப்போகிறது என்று. புதிய பெட்டி ஒளிர்ந்தது. தடித்த, கம்மிய, இன்றைய அக்காவின் குரல் எழுந்தது. அது வர வேண்டிய இடம் வரை வரட்டும் என்று மகள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு முட்டி பக்கத்திலிருந்த காலிப் பெட்டிக்குத் தாவியது.

"போயிட்டு வரேன்."